முடியைக் குறைக்கும் கத்தரி எதைக் குறைக்கிறது?

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 15 செ.மீ. நீளம், 80 மைக்ரோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மொத்த எடை 100 கிராம்தான் வருகிறது. இடையில் காற்றே இல்லாதபடி அத்தனையையும் அழுத்திக் கெட்டியாக்க முடிந்தால் அவை சுமார் 75 மில்லி லிட்டரில் அடங்கிவிடும். ஒரு சின்னக் காபி டம்ளருக்குள் போட்டுவிடலாம். தலையைச் சுற்றிப் பொசுபொசுவென்று எழும்பி, காதோரம் புடைத்து, கிளிப்புக்கும் ரப்பர் பேண்டுக்கும் அடங்க மறுக்கிற பருமனில் பெரும்பகுதி காற்று.

"முடி ரொம்ப அடர்த்தியா இருக்கு, கொஞ்சம் குறைச்சு விடுங்க" என்று சலூனிலும் பார்லரிலும் நாம் கேட்பது இந்தக் காற்றைக் குறைக்கத்தான். அதற்காக அவர்கள் எடுப்பது ஒரு பக்கம் சீப்புப் போலப் பல் வெட்டிய தின்னிங் கத்தரி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சலூன்கள் மூடப்பட்டபோது பலர் வீட்டிலேயே முடிவெட்டப் பழகினார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் நிலைத்துவிட்டது. தின்னிங் கத்தரியும் இன்று அழகுசாதனக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. பயிற்சியே இல்லாதவரும் தவறு செய்ய முடியாத கருவிபோல அது தோன்றும். சாதாரணக் கத்தரி ஒரே வெட்டில் கோடு போட்டுவிடும். இது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தானே வெட்டுகிறது, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்கிறோம்.

ஆனால் தலைமுடியில் மிக மெதுவாகத் திருந்தும் தவறுகள் இந்தக் கத்தரியால்தான் நேர்கின்றன. காரணம் இயற்பியலில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் வீட்டில் எந்த அளவுக்குச் செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

எண்ணிக்கை குறைவதில்லை

தின்னிங் கத்தரியின் ஓர் அலகு சாதாரணக் கத்தி. மற்றோர் அலகில் பற்கள். கத்தரியை மூடும்போது பல்லின் மேல் சிக்கும் முடி வெட்டுப்படும். பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் விழும் முடி தப்பித்துவிடும். பற்களின் அகலத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்து, ஒருமுறை மூடினால் எவ்வளவு வெட்டுப்படும் என்பது கத்தரிக்குக் கத்தரி மாறும்.

நம் கையில் இருப்பது 30 விழுக்காடு வெட்டும் கத்தரி என்று கொள்வோம். ஒரு கற்றையில் ஒருமுறை மூடினால் 70 விழுக்காடு முழு நீளத்தில் மிஞ்சும். அதே இடத்தில் இரண்டாம் முறை மூடினால் மிஞ்சிய 70-இல் 30 விழுக்காடு போய் 49 ஆகும். மூன்றாம் முறையில் 34. கத்தரியை மூன்று தடவை மூடுவதற்குள் அந்தக் கற்றையில் மூன்றில் இரண்டு பங்கு முடி குட்டையாகிவிட்டது. சாதாரணக் கத்தரியால் இவ்வளவு வெட்டியிருந்தால் உடனே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இங்கே எஞ்சிய நீள முடிகள் கற்றையின் வெளித்தோற்றத்தைக் காப்பாற்றி நிற்பதால், அளவு மீறியது கைக்கும் கண்ணுக்கும் சீக்கிரம் பிடிபடுவதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மூடுவதுதான் பழகாதவர்கள் முதலில் செய்யும் தவறு.

இதில் இன்னொரு முக்கியமான செய்தியும் உண்டு. எத்தனை முறை மூடினாலும் தலையில் உள்ள முடிகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறைவதில்லை. முடி வேர்கொண்டிருப்பது தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில். தோலுக்கு வெளியே தெரியும் பகுதி உயிரற்ற கெரட்டின் புரதம். வெளியே வெட்டியது உள்ளே இருக்கும் மயிர்க்காலுக்குத் தெரியவே தெரியாது. வெட்ட வெட்ட முடி தடிமனாக வளரும் என்ற நம்பிக்கையை 1928-இலேயே அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரட் ட்ராட்டர் சோதித்துப் பார்த்தார். மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்றே அவர் கண்டார். வெட்டாத முடியின் நுனி கூராக இருக்கும். வெட்டிய நுனி தட்டையாக இருக்கும். கையால் தடவும்போது சொரசொரப்பாகத் தோன்றுவது அந்தத் தட்டை நுனியால்தான்.

ஆக, தின்னிங் கத்தரி மாற்றுவது முடிகளின் நீளங்களை மட்டுமே. ஒரே நீளத்தில் இருந்த கூட்டத்தில் நீளமும் குட்டையும் கலக்கின்றன. அந்தக் குட்டை முடிகள் அதன்பின் எப்படி நடந்துகொள்ளும் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகின்றன.

5 செ.மீ. எல்லை

குதிரைவால் கொண்டை ஏன் அந்த வடிவில் விரிகிறது என்ற கேள்வியை இயற்பியலாளர்கள் உண்மையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ரேமண்ட் கோல்ட்ஸ்டீன், பேட்ரிக் வாரன், ராபின் பால் ஆகிய மூவரும் 2012-இல் 'ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் அதற்கான சமன்பாட்டை வெளியிட்டார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு அதே ஆண்டு அவர்களுக்குக் கிடைத்தது.

அவர்கள் கணக்கில் இரண்டு விசைகள் போட்டியிடுகின்றன. ஒன்று புவியீர்ப்பு, அது முடியைக் கீழே இழுத்துத் தொங்கவிடுகிறது. மற்றொன்று முடியின் விறைப்பு. அது வளைய மறுத்து, முளைத்த திசையிலேயே நிற்கப் பார்க்கிறது. சராசரி மனித முடிக்கு இந்த இரண்டும் சமபலம் பெறும் நீளம் ஏறக்குறைய 5 செ.மீ. அதைவிடக் குட்டையான முடியில் விறைப்பு வெல்லும். முடி நிமிர்ந்து நிற்கும். அதைவிட நீளமானதில் எடை வெல்லும். முடி படிந்து தொங்கும். முடியின் நீளத்தை இந்த 5 செ.மீ.யால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு, கதையில் வரும் நீள்கூந்தல் பெண்ணின் நினைவாக ரபுன்ஸல் எண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு விசையும் உண்டு. ஒவ்வொரு முடிக்கும் தனக்கென்று சிறு சிறு வளைவுகள் இருக்கின்றன. பக்கத்து முடியின் வளைவோடு அவை பொருந்துவதில்லை. அதனால் நெருங்கிக் கிடக்கும் முடிகள் ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கூட்டத்தை உப்பவைத்துக் காற்றுக்கு இடம் கொடுப்பது இந்தத் தள்ளல்தான்.

இப்போது தின்னிங் கத்தரிக்கு வருவோம். 30 செ.மீ. நீளக் கற்றையில் நுனியிலிருந்து 8 செ.மீ. தூரத்துக்குள் வெட்டினால் குட்டையாகும் முடிகளும் 22 செ.மீ.க்கு மேல் இருக்கும். அவை தம் எடையாலேயே படிந்து, நீள முடிகளோடு சேர்ந்து தொங்கும். நுனிப்பகுதியில் மட்டும் முடிகள் குறைந்து, ஒன்றையொன்று தள்ளும் அழுத்தம் தளரும். கற்றை கீழே மெலிந்து அழகாக விழும். நாம் வேண்டியது கிடைத்துவிட்டது.

அதே கத்தரியை வேரிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் மூடினால் கதை தலைகீழாகும். வெட்டுப்பட்ட முடிகள் எல்லைக்குக் கீழே வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் விறைத்து நிமிர்ந்து, மேலே படிந்திருக்கும் நீள முடிகளைத் தூக்கிப் பிடிக்கும். அடர்த்தியைக் குறைக்கப் போனவர், தன் முடிக்கு அடியில் ஆயிரக்கணக்கான முட்டுகளைக் கொடுத்துவிட்டார். தலை முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். குறையவில்லையே என்று மறுபடியும் வெட்டினால் முட்டுகள் இன்னும் கூடும். வேர்ப்பக்கம் தின்னிங் கத்தரியைக் கொண்டுபோகக் கூடாது என்று தேர்ந்த முடிதிருத்துநர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒருவர் முடி மற்றவர் முடி அல்ல

5 செ.மீ. என்பது சராசரி. தடிமனான முடிக்கு எல்லை கூடும், மெல்லிய முடிக்குக் குறையும். ஏனென்றால் ஒரு முடியின் எடை அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வளைய மறுக்கும் விறைப்போ நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 60 மைக்ரோமீட்டர் முடியையும் 90 மைக்ரோமீட்டர் முடியையும் ஒப்பிடுங்கள். விட்டம் ஒன்றரை மடங்கு. எடை இரண்டே கால் மடங்கு. விறைப்பு ஐந்து மடங்கு. இரண்டு பேருக்கும் முடிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், 90 மைக்ரோமீட்டர்காரர்தான் "என் முடி அடங்கவே மாட்டேங்குது" என்று சொல்வார். அவருடைய சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, தடிமனில் இருக்கிறது. இப்படிப்பட்ட முடியில் வேர்ப்பக்கம் வெட்டினால் முட்டு கொடுக்கும் பலமும் ஐந்து மடங்கு.

சுருட்டை முடியில் இன்னொரு விளைவு சேர்கிறது. சுருளை ஓரளவு நீட்டி வைத்திருப்பது அதற்குக் கீழே தொங்கும் முடியின் எடை. நுனியை வெட்டியதும் அந்த எடை போய்விடுகிறது, சுருள் மேலேறிக்கொள்கிறது. 5 செ.மீ. வெட்டினால் 5 செ.மீ.க்கும் மேல் குட்டையானதாகத் தெரியும். பக்கத்தில் உள்ள வெட்டாத முடியோ பழைய சுருளிலேயே இருக்கும். இரண்டு வகைச் சுருள்கள் கலந்ததும் ஒழுங்கு கெட்டு, மேற்பரப்பெல்லாம் பிசிறாகிவிடும். நல்ல சுருட்டை முடி உள்ளவர்கள் வீட்டில் தின்னிங் கத்தரியைத் தொடாமல் இருப்பது மேல்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரமும் இதில் பங்கு கேட்கும். ஈரம் நிறைந்த காற்றில் முடி தன் எடையில் 30 விழுக்காடு வரை நீரை ஏற்றுக்கொள்ளக்கூடியது. புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை அந்த நீர் அவிழ்த்துவிடுகிறது. சீவிப் படியவைத்த வடிவத்தை விட்டுவிட்டு முடி தன் இயல்பான வளைவுக்குத் திரும்புகிறது. நீள முடியின் எடை அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். குட்டையாக்கப்பட்ட முடிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஏசி அறையில் அழகாகத் தெரிந்த வெட்டு, தெருவில் இறங்கியதும் சிலும்பி நிற்பது இதனால்தான்.

நனைந்த முடியை நம்பக்கூடாது

சலூனில் தண்ணீர் தெளித்து வெட்டுவதைப் பார்த்திருக்கிறோம். நேர்க்கோட்டில் வெட்டுவதற்கு அது உதவும். அடர்த்தியைக் குறைப்பதற்கு, குறிப்பாகப் பழகாத கைக்கு, அது ஆபத்து. நனைந்த முடி குறுக்கே 15 விழுக்காடு வரை தடித்துவிடுகிறது. சிறிது நீளவும் செய்கிறது. இழுத்தால் உலர்ந்த முடியைவிட எளிதாக நீண்டு கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீரின் பரப்பு இழுவிசை முடிகளைக் கற்றை கற்றையாக ஒட்டவைத்துவிடுகிறது. எந்தக் காற்றைக் குறைக்க வந்தோமோ, அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எவ்வளவு வெட்டினோம், போதுமா போதாதா என்று பார்க்க வழியே இல்லை. எண்ணெய் தேய்த்த தலைக்கும் இதே விதி பொருந்தும். முடியைக் கழுவி, முழுக்க உலர்த்தி, அது இயல்பாக எப்படி விழுமோ அப்படி விழவிட்ட பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

கண்ணாடியும் கையும்

தன் தலையைத் தானே வெட்டுபவருக்குக் கண்ணாடியே பெரிய தடை. கையைக் கண்ணாடியை நோக்கி நீட்டினால் பிம்பத்தின் கை நம்மை நோக்கி வருகிறது. கத்தரியைச் சற்றுச் சாய்க்க நினைத்தால் அது வேறு பக்கம் சாய்கிறது.

கண்ணாடியைப் பார்த்து நட்சத்திர வடிவத்தின் கோட்டைப் பென்சிலால் தொடரச் சொல்வது உளவியலில் பெயர்பெற்ற சோதனை. முதல் முறை செய்பவர்களின் கோடு மூலைக்கு மூலை தடுமாறும். நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் இந்தச் சோதனையை எச்.எம். என்று அறிவியல் உலகம் அறிந்த நோயாளிக்குக் கொடுத்தார். மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்க முடியாமல் போனவர் அவர். நாளுக்கு நாள் அவருடைய கோடு திருந்தியது. ஆனால் முந்தைய நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. கைத்திறன் என்பது தகவலாகச் சேமிக்கப்படும் நினைவிலிருந்து வேறானது, திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே படிவது என்பதை அந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது.

முடிதிருத்துநரின் கையில் இருப்பது அப்படிப்பட்ட அறிவு. ஒரு கற்றையை விரலில் எடுத்ததுமே அதன் தடிமனும் திசையும் சுழியின் போக்கும் அவருக்குப் பிடிபடுகின்றன. எத்தனையோ தலைகளில் அவர் கை கற்ற பாடத்தை ஒரு காணொளியைப் பார்த்து நாம் பெற முடியாது. பின்னந்தலைக்கு இது இன்னும் பொருந்தும். அதைப் பார்க்க இரண்டாவது கண்ணாடி தேவை. அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும். கற்றையைப் பிடித்து வெட்ட மிஞ்சுவது ஒரே கை. பின்னந்தலையை வீட்டில் இன்னொருவர் செய்யட்டும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கத்தரியின் கூர்மை

காகிதமும் பால் பாக்கெட்டும் வெட்டும் வீட்டுக் கத்தரி முடிக்கு ஆகாது. 2020-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, சவர பிளேடின் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி அந்த பிளேடின் விளிம்பையே எப்படிச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது என்று நுண்ணோக்கியில் காட்டியது. முடி சாய்கோணத்தில் விளிம்பில் மோதும்போது, எஃகின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில் அழுத்தம் குவிந்து சில்லு பெயர்கிறது. முடியையே வெட்டும் கருவிக்கு இந்த நிலை என்றால், வேறெதையெல்லாமோ வெட்டி மழுங்கிய கத்தரி முடியை வெட்டுவதற்குப் பதிலாக மடக்கி நசுக்கும். முடியின் மேலுறையில் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய செதில்கள் கிழிந்து, அந்த இடத்திலிருந்து நுனி பிளக்கத் தொடங்கும்.

வீட்டில் எவ்வளவு செய்யலாம்

தோள்வரை அல்லது அதற்குக் கீழே விழும், நேரான அல்லது லேசான அலையுள்ள முடி என்றால் பின்வரும் அளவுக்குத் துணியலாம்.

உலர்ந்த முடியைச் சிக்கெடுத்துச் சீவுங்கள். மேல்தட்டு முடியைத் தூக்கி கிளிப் போட்டுவிடுங்கள். அதைத் தொடவே வேண்டாம். குட்டை முடிகளை மறைத்து அழுத்தி வைக்கப்போவது அந்த மேல்தட்டுதான். அடித்தட்டிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. அகலத்தில் ஒரு கற்றையை எடுத்து, இரு விரலுக்கிடையே இழுக்காமல் பிடியுங்கள். நீளத்தை மூன்றாகப் பிரித்து, கடைசி மூன்றில் ஒரு பங்குக்குள் மட்டும் கத்தரியை வையுங்கள். குறுக்காக வைத்தால் வெட்டுகள் ஒரே உயரத்தில் விழுந்து படிக்கட்டுபோலக் கோடு தெரியும். அதனால் கத்தரியைச் சாய்வாகப் பிடியுங்கள். ஒருமுறை மூடி, முழுக்கத் திறந்து, பிறகு வெளியே எடுங்கள். திறக்காமல் இழுத்தால் பற்களில் சிக்கிய முடி பிய்யும். வேண்டுமானால் வேறு உயரத்தில் இன்னும் ஒரே ஒருமுறை மூடலாம். உடனே சீவி, உதிர்ந்ததை அகற்றி, கற்றை எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

இரு பக்கமும் அடித்தட்டு முடிந்ததும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தலைக்குக் குளித்து, காயவைத்து, ஓரிரு நாள் அந்த முடியோடு இருந்து பார்த்த பிறகே மேலும் தேவையா என்று முடிவுசெய்ய வேண்டும். வெட்டாமல் விட்டதை நாளைக்கும் வெட்டலாம்.

நெற்றியோரம், வகிடு, உச்சிச் சுழி, காதைச் சுற்றிய பகுதி, பிடரி ஓரம் இவை ஐந்தும் விலக்கப்பட்ட இடங்கள். அங்கே குட்டை முடியை மறைக்க மேலே வேறு முடி இருக்காது, அல்லது முடியின் திசை வேறாக இருக்கும். ஆண்களின் குட்டை கிராப்பில் மொத்த நீளமே அந்த 5 செ.மீ. எல்லையை ஒட்டி இருப்பதால், எங்கே வெட்டினாலும் முட்டுகளாக நிற்கும் வாய்ப்பு அதிகம். முடி எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்து, சீப்பின் மேல் கத்தரியை ஓட்டி அதைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டிய வேலை அது.

"வளர்ந்துவிடும்" என்ற ஆறுதல்

தவறு நேர்ந்தால் வளர்ந்து சரியாகிவிடும் என்று சொல்வோம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. ஆனால் குட்டையாக்கப்பட்டது வளரும் அதே வேகத்தில் பக்கத்தில் உள்ள நீள முடியும் வளர்கிறது. இன்று 20 செ.மீ., 30 செ.மீ. என்று இருப்பவை ஆறு மாதம் கழித்து 26, 36 ஆகும். இடையிலுள்ள 10 செ.மீ. வேறுபாடு அப்படியே இருக்கும். நீள முடியை அவ்வப்போது நுனி வெட்டிக் காத்திருந்தால்தான் குட்டை வந்து சேரும்; அதற்குப் பத்து மாதம் ஆகும். வேரிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் வெட்டியிருந்தால் 30 செ.மீ. எட்ட இரண்டேகால் ஆண்டுகள் வேண்டும். இடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே உயரத்தில் மறுபடி தின்னிங் செய்தால், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய குட்டை அடுக்கு சேர்ந்து, கடைசியில் தலையில் சீரான நீளம் என்று எதுவுமே மிஞ்சாது.

முடி தானாகவே மெலிந்துகொண்டிருப்பவர்கள் இந்தக் கத்தரியை எடுக்கவே கூடாது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை இவற்றுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குப் பின் அதற்கும் மேல் கொட்டலாம். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும்கூட முடியைக் கொட்டவைக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத் தேவை தோல் மருத்துவரின் ஆலோசனை.

மற்றவர்கள் கத்தரியை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இந்த வெட்டுக்குப் பின் குட்டையாகும் முடி படியுமா, நிற்குமா? படியும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் ஒருமுறை மூடலாம். நிற்கும் என்றோ, தெரியவில்லை என்றோ பதில் வந்தால், அந்த இடம் முடிதிருத்துநருக்கு உரியது. அவருக்குக் கொடுக்கும் கூலி வெட்டிய முடிக்கு மட்டுமல்ல, எதை வெட்டாமல் விடவேண்டும் என்று அவர் கை அறிந்திருப்பதற்கும் சேர்த்துத்தான்.